இரண்டாவது அடுப்பு

பணம் சும்மா வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிறகு வரிசையில் போய் நிற்க வேண்டும். ஓடையோரத்தில் இருந்த அந்த நாற்பது வீட்டுக்காரர்களும் இரண்டையும் ஒழுங்காகச் செய்தார்கள்.

சொல்ல வந்தவள் சின்னப் பெண். தோளில் ஒரு துணிப்பை, கையில் உறை போட்ட டேப்லெட், முழங்கால் வரை சேறு. ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வருவதாகவும், ஏழைக் குடும்பங்களுக்கு நேராகப் பணமாகவே கொடுக்கப் போவதாகவும் சொன்னாள். அரிசி மூட்டை கிடையாது, தையல் மிஷின் கிடையாது, பாயில் உட்கார வைத்துப் புத்தி சொல்வது கிடையாது. பணம் மட்டும்தான். அதை என்ன செய்வது என்பது அவரவர் இஷ்டம், திருப்பித் தரவும் வேண்டாம். அதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்பாள். பணம் வந்தால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்பது அதில் ஒன்று. இதில் சரி, தப்பு எதுவும் இல்லை, மனதில் இருப்பதைச் சொன்னால் போதும் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

யார் நம்புவார்கள்? கேள்வி என்று ஒன்று இருந்தால் அதற்குச் சரியான விடை என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும். அன்று பொழுது சாய்வதற்குள் அவளுக்குப் பரீட்சை டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது.

விடை சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமலா போய்விடும்? மாவு மில் வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார். எந்தத் திட்டம் வந்தாலும் அதன் தலையும் வாலும் தனக்குத் தெரியும் என்று நினைப்பவர். மாவு அரைக்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே விடையைச் சொல்லி அனுப்பினார். ஆடு வாங்குவோம் என்று சொல்லுங்கள், ஆடு என்று கேட்டாலே கொடுக்கிறவர்களுக்கு மனசு குளிர்ந்துவிடும் என்றார். ஒன்பது வீட்டில் ஆடு, ஆடு என்று எழுதிக்கொண்ட டீச்சர், பத்தாவது வீட்டில் இத்தனை ஆட்டையும் எங்கே மேய்ப்பீர்கள் என்று கேட்டாளாம். மில்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றானாம் அந்த மகராசன்.

ஆட்டு விஷயம் சில்லறை விஷயம். ஊரைப் புரட்டிப் போட்டது இன்னொரு விதி. குடும்பத்துக்கு ஒரு தொகை. குடும்பம் என்றால் எது? ஒரே கூரையா, ஒரே தகப்பனா? டீச்சர் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: ஒரே அடுப்பில் பொங்கி ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அடுத்த வாரமே களிமண்ணுக்குக் கிராக்கி வந்துவிட்டது. நாற்பது அடுப்பு அறுபத்திரண்டு ஆனது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழமொழி அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கல் உடைக்கிற ஒருவன், தனக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, தனித்தனியாகத்தான் பொங்குகிறோம் என்று கூடச் சொல்லிப் பார்த்தான். டீச்சர் சிரிக்காமல் எழுதிக்கொண்டு உள்ளே திரும்பி அவளையும் கேட்டாள். இவருக்கு அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள்.

புதிதாக முளைத்த அந்த இருபத்திரண்டில் ஒன்று, குடியிருப்பின் கடைசி வீட்டில் இருந்தது. அங்கே அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் பெண்டாட்டியைப் பெரியவள் என்றும் தம்பி பெண்டாட்டியைச் சின்னவள் என்றும்தான் ஊரே சொல்லும், நாமும் அப்படியே சொல்லுவோம். ஆளுக்கு ஓர் அறை, பின்னால் சாய்ப்பு இறக்கிய ஒரே சமையலறை. ஓடைக்கு மேட்டுப் பக்கம் ஒரு துண்டு நிலம். அதில் தக்காளி, கத்தரி, மிளகாய். தண்ணீர் கீழே, செடி மேலே. தகர டின்னில் மொண்டு தோளிலும் இடுப்பிலும் சுமந்து ஊற்ற வேண்டும். நான்கு பேருமாகக் காலையில் நாற்பது நடை, சாயங்காலம் நாற்பது நடை. ஒரு ஆயில் இன்ஜினும் பைப்பும் இருந்தால் இந்தத் தலையெழுத்து மாறும் என்று அண்ணன்காரன் எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு தொகையில் அது ஆகாது. இரண்டு தொகை வந்தால் ஆகும்.

பெரியவளுக்குக் குழந்தை இல்லை. சின்னவளுக்கு மூன்று. ஆனால் அந்த வீட்டில் அது ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. மூன்றையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது பெரியவள். காய்ச்சல் கண்டால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது பெரியவள். அடுப்பு முழுக்க முழுக்க அவளுடைய ராஜ்யம். சின்னவள் கல்யாணமாகி வந்த முதல் நாள், "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றாள். பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டாள். சின்னவள் விறகு கொண்டுவருவாள், காய் நறுக்குவாள், பாத்திரம் தேய்ப்பாள். ஓரகத்திகள் என்றால் கீரியும் பாம்பும் என்று இருக்கிற ஊரில் இவர்கள் ஒற்றுமையை உதாரணம் காட்டாத ஆள் இல்லை. பெரியவளுக்கு அதில் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இரண்டாவது அடுப்பு போடலாம் என்று யோசனை சொன்னதும் அவள்தான். தம்பிக்காரன் தயங்கினான். அந்தப் பெண் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது எப்படி என்றான். பொய் என்ன பொய் என்று பெரியவள் அவனை அடக்கிவிட்டாள். அடுப்பு போடப் போகிறோம், எரிக்கப் போகிறோம், பணம் வந்ததும் இடிக்கப் போகிறோம், இதில் பொய் எங்கே இருக்கிறது? டீச்சர் ஒரு மாதத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நேரில் பார்ப்பாள் என்று பேச்சு இருந்தது. அதனால் வேஷம் போட்டால் முழு வேஷமாகப் போட வேண்டும், பிள்ளைகள் தாய் அடுப்பில்தான் சாப்பிட வேண்டும் என்று கட்டளை போட்டதும் அவள்தான். டீச்சர் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தை ஆளுக்கு ஒரு கவளமாக ஊட்டிவிட்டாள்.

அடுப்பைக் குழைத்துப் போட்டதும் அவள் கைதான். ஓடை மண்ணில் உமி கலந்து மிதித்து, மூன்று குமிழ் வைத்து, கொல்லையில் சின்னவள் அறைச் சுவரை ஒட்டிப் போட்டாள். மேலே கூரை இல்லை. ஒரு மாதக் கூத்துக்குக் கூரை எதற்கு? நடுவில் உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து ஒரு திரை கட்டினாள். பிறகு பாத்திரம் பிரித்தாள். பெரிய பானை ஐந்து பேருக்கு, சின்னப் பானை இரண்டு பேருக்கு. பாகம் பிரித்தாகிவிட்டது, இனி வரப்புச் சண்டைதான் பாக்கி என்று கொழுந்தன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள்தான் அதிகமாகச் சிரித்தாள்.

முதல் நாள் சின்னவளுக்கு அடுப்பு பிடிக்கவில்லை. கண்ணெல்லாம் புகை. பெரியவள் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே விறகை இப்படி வை, தண்ணீரை இத்தனை வை என்று நடத்தினாள். அப்படியும் சோறு குழைந்து களியாகிவிட்டது. மூத்த பையன் முகத்தைச் சுளித்தான். பெரியவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை வெளியே காட்டிக்கொள்ளாத அளவுக்கு அவள் நல்லவள்தான்.

ஐந்தாம் நாள் சோறு பதமாக வந்தது. எட்டாம் நாள் சின்னவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாதாரண முணுமுணுப்புதான். ஆனால் பதினோரு வருஷத்தில் அந்தக் குரலில் பாட்டு என்று ஒன்று இருப்பதே பெரியவளுக்குத் தெரியாது. உப்பு பார்த்துப் போடு என்று இந்தப் பக்கமிருந்து சொன்னாள். போட்டாச்சுக்கா என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு சின்னவள் எதுவும் கேட்கவே இல்லை. கேட்காததைச் சொல்லப் பெரியவளுக்கும் வாய் வரவில்லை.

இந்தப் பக்கம் நிலைமை வேறு. பெரியவள் கை ஏழு பேருக்கு அரிசி அள்ளிய கை. இரண்டு பேருக்கு அள்ள அதற்குத் தெரியவில்லை. பாதி அள்ளினாலும் மிஞ்சியது, பாதியில் பாதி அள்ளினாலும் மிஞ்சியது. யாருக்கு விருந்து என்று புருஷன் கேட்டான். வீட்டுக் கோழிகள்தான் கொழுத்தன. சாப்பிட உட்கார்ந்தால் சத்தமே இல்லை. அவனும் மெல்லுவான், அவளும் மெல்லுவாள். திரைக்கு அந்தப் பக்கம் எனக்கு, உனக்கு என்று ஒரே ரகளையாக இருக்கும். இதுகள் இத்தனை சத்தம் போட்டுச் சாப்பிடுகிறவை என்பதைத் தள்ளி உட்கார்ந்தபோதுதான் அவள் கவனித்தாள்.

கடைசிப் பெண்ணுக்கு நாலு வயது, குட்டி என்று கூப்பிடுவார்கள். அவள் ஒருத்திக்குத்தான் விதியும் இல்லை, திரையும் இல்லை. சாக்குக்கு அடியில் புகுந்து வந்து பெரியம்மா மடியில் உட்கார்ந்துகொள்வாள். பெரியவள் ஒரு நாள் அவளுக்கு வெல்லம் கொடுத்தாள். மறுநாள் சோற்றில் வெல்லத்தைப் பிசைந்து ஊட்டவே ஆரம்பித்தாள். அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இந்நேரம் டீச்சர் வந்துட்டா என்ன பண்றது?"

குரலில் கோபம் இல்லை. குழந்தையை வா என்று கூப்பிட்டாள், குழந்தையும் போய்விட்டது. பெரியவள் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. டீச்சருக்குப் பயந்து சொல்கிறாளா, இல்லை, டீச்சரைச் சாக்கு வைத்துச் சொல்கிறாளா? எப்படிச் சொன்னாலும் அது பெரியவள் தானே சொல்லிக் கொடுத்த வார்த்தை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் யாரிடம் போய் முறையிடுவது?

பதினான்காம் நாள் குட்டி ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா வைத்த குழம்பாம், பெரியப்பாவுக்காம். நல்ல புளிப்பு. பெரியவள் சமையலில் புளிப்புக்கு இடமே கிடையாது, அவளுக்குப் பிடிக்காது. புருஷன் விரலால் தொட்டு நக்கினான். "பரவாயில்லையே" என்றான். ஒரே வார்த்தைதான். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையை அவன் அவளிடம் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் எதிர்பார்த்திருக்கலாமோ என்று தோன்றியது.

பொறாமைதான், வேறென்ன? அவளும் தனக்குள் ஒப்புக்கொண்டாள். ஆனால் பொறாமையோடு பயமும் இருந்தது. காலையில் டின்னைச் சுமந்துகொண்டு மேடேறும்போது அதை நினைத்தாள். பணம் வரும், இன்ஜின் வரும், பிறகு இந்தத் திரையை யார் பிரிப்பது? நான் பிரித்தால் சின்னவள் தடுக்க மாட்டாள். பழையபடி காய் நறுக்க உட்கார்ந்துவிடுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் பேச மாட்டாள் என்பதுதான் பெரியவளுக்கு இப்போது முள்ளாகக் குத்தியது. பிரிக்காமல் விட்டால்? இரண்டு பேர், ஒரு சின்னப் பானை, மெல்லுகிற சத்தம், சாகிற வரைக்கும்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்காது. இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம். இருபதாம் நாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். டீச்சர் வரட்டும். ஒரே அடுப்புதான், ஏழு பேரும் ஒரே குடும்பம்தான், ஆசையில் இப்படிச் செய்துவிட்டோம் என்று உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு தொகை போகட்டும், இன்ஜின் போகட்டும். தண்ணீர் சுமப்பது என்ன புதுசா? இடுப்பு இருக்கிற வரைக்கும் சுமக்கலாம். உண்மையைச் சொன்ன புண்ணியமும் கிடைக்கும், பிள்ளைகளும் கிடைக்கும். முடிவு எடுத்ததும் அவளுக்கு அன்று சோறு இறங்கியது.

இருபத்திரண்டாம் நாள் உச்சி வேளையில், இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும்போது டீச்சர் வந்தாள். கூடவே குடை பிடித்துக்கொண்டு அவளுடைய மேலதிகாரி ஒருவர். ஆம்பளைகள் நிலத்தில் இருந்தார்கள், பெரிய பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில், குட்டி அறைக்குள் தூக்கத்தில். குடைக்காரர் கொல்லையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டீச்சர் இரண்டு பெண்களிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்றாள். முதலில் சின்னவளோடு அவள் அடுப்படியில் உட்கார்ந்தாள். தனியாகத்தான், ஆனால் நடுவில் இருப்பது உரச்சாக்கு. பெரியவள் இந்தப் பக்கம் விறகைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள்.

பணம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றாள் டீச்சர். இன்ஜின் வாங்குவோம், தண்ணீர் பாய்ச்சுவோம் என்று சின்னவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். பெரியவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை.

"அது வீட்டுக்கு. உங்களுக்கு என்ன வேணும்?"

சின்னவள் அடுப்பை ஊதும் சத்தம் கேட்டது. இவள் வாயிலிருந்து என்ன வந்துவிடப் போகிறது என்று பெரியவள் நினைத்தாள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்பாள், அப்படித்தான் எப்போதும் சொல்லுவாள்.

"இந்த அடுப்புக்கு மேல ஒரு கூரை போடணும்" என்றாள் சின்னவள். "மழை வந்தா கரைஞ்சிடும்."

அதுதானா, அவ்வளவுதானா என்று டீச்சர் கேட்டாள். சின்னவள் குரல் இன்னும் தணிந்தது, பெரியவள் விறகைத் தள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

"அக்கா என்னை ஒரு குறையும் வைக்காம பாத்துக்கிட்டாங்க. எங்கம்மா கூட அப்படிப் பாத்ததில்ல. ஆனா பதினோரு வருஷமா பசிக்குதுன்னா கூட இன்னொருத்தர் பானையத்தானே பாக்கணும்? இப்பத்தாங்க என் பிள்ளைங்க என் கையால சாப்பிடுதுங்க. மழைக்கு முன்னாடி கூரை போட்டுட்டேன்னா போதும்."

என் பிள்ளைகள். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நம்ம பையன், நம்ம பொண்ணு என்றுதான் வரும். பெரியவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அடுப்பு பக்கத்தில் இருந்ததால் மட்டும் அல்ல. எழுந்து திரையைக் கிழித்துக்கொண்டு போய், ராத்திரி பகலாகத் தூக்கி வளர்த்தது யார் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டிருந்தால் சின்னவள் நீங்கதான்கா என்று சொல்லியிருப்பாள். அதுவும் உண்மைதான். அவள் சொன்னதும் உண்மைதான். பெரியவள் ஒரு தப்பும் செய்யவில்லை, நல்லதுதான் செய்தாள். அந்த நல்லது ஒருத்தியின் வாயைப் பதினோரு வருஷம் அடைத்து வைத்திருந்திருக்கிறது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை.

டீச்சர் திரையை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து டேப்லெட்டைத் திறப்பதற்குள், நிலத்திலிருந்து அண்ணனும் தம்பியும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். பின்னாலேயே குடைக்காரரும் வந்தார். அவர் அனுபவசாலி. புது அடுப்பின் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அம்மா, அந்த அடுப்புல கரி இன்னும் சரியா ஏறவே இல்ல. உண்மையச் சொல்லுங்க. இது ஒரு அடுப்பா, ரெண்டு அடுப்பா? பணத்துக்காகப் பிரிச்சீங்களா?"

அண்ணன்காரன் பதில் சொல்ல வாயெடுத்தான். குடைக்காரர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். திரைக்கு அந்தப் பக்கம் சின்னவள் எழுந்து நிற்பது சாக்கின் இடுக்கில் தெரிந்தது. பெரியவள் இரண்டு நாளாக மனதில் வைத்திருந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஒன்று. ஒன்று என்று சொன்னால் போதும். சாயங்காலமே அந்தப் பானை இந்த அடுப்பில் ஏறிவிடும். பொய்யும் இல்லை, யாரும் குறை சொல்ல முடியாது. ஊர்கூட மெச்சும்.

"பணத்துக்காகத்தாங்க பிரிச்சோம்" என்றாள்.

தம்பிக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். குடைக்காரர் டீச்சரைப் பார்த்து, எழுதிக்கொள் என்கிற மாதிரி தலையாட்டினார்.

"இருங்க, எழுதாதீங்க. நான் இன்னும் முடிக்கல. அடுப்ப நான்தான் போட்டேன். உங்களை ஏமாத்தத்தான் போட்டேன். ஆனா இப்ப அது ரெண்டு அடுப்புதான். நீங்க பணம் குடுத்தாலும் ரெண்டு, குடுக்காட்டியும் ரெண்டு. இனிமே சேராது."

அவள் புருஷன் அவளை ஏதோ பிடித்துவிட்டது என்பதுபோலப் பார்த்தான். டீச்சர்தான் கடைசியில், இந்த அடுப்பில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி, பட்டியலில் இருந்தது. இரண்டு பேர் என்றாள் பெரியவள். பணம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி.

அவளிடம் யோசனைக்கா பஞ்சம்? பெரிய பையன் படிப்பு, நடு மகளுக்கு ஒரு கட்டில், குட்டிக்குச் செருப்பு, எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருந்தவள். எல்லாம் ஏழு பேருக்குப் போட்ட திட்டம். தனக்கென்று, தங்கள் இருவருக்கென்று அவள் ஒரு நாளும் எதையும் நினைத்துப் பார்த்ததில்லை என்பது அந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

"தெரியலம்மா" என்றாள். "யோசிக்கணும்."

டீச்சர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். ஊரிலேயே மில்காரரைக் கேட்காமல் பதில் சொன்னவர்கள் இந்த வீட்டு இரண்டு பெண்கள்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். குடைக்காரர், உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புகிறேன், மேலே என்ன சொல்கிறார்களோ தெரியாது என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

பணம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, இரண்டும் வந்தது. பார்க்கப் போன நாளில் யார் எந்தப் பானையில் சாப்பிட்டார்களோ அதுதான் கணக்கு, அதற்கு முந்திய கதை நமக்கு எதற்கு என்று அந்தச் சின்னப் பெண் தன் மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றாளாம். ஆனால் அது இரண்டு மாதம் கழித்து நடந்த விஷயம். அன்று மதியம் அந்தக் கொல்லையில் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், எட்டு வருஷத்து இன்ஜின் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறது என்பதுதான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாயே என்றான் அவள் புருஷன். சத்தம் போடவில்லை. அவனுக்குச் சத்தம் போடக்கூடத் தெம்பு இல்லை. ஆமாம் என்றாள் அவள். அவன் டின்னை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனான், தம்பியும் பின்னாலேயே போனான். சாயங்கால நாற்பது நடையை அவர்கள் அன்றைக்கு மதியமே ஆரம்பித்துவிட்டார்கள்.

சின்னவள் திரையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. இந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"அக்கா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. நீங்க வேணாம்னு நான்..."

"நீ சொன்னது சரிதான்."

"இல்லக்கா, அந்த அடுப்ப நானே இடிச்சிடறேன். இப்பவே இடிச்சிடறேன். பழையபடி இருக்கலாம்."

பெரியவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சொன்னால் சொன்னபடி செய்வாள், கையில் கடப்பாறையைக் கொடுத்தால் போதும். இரண்டு நாளாக ஏங்கியதை அவளாகவே எடுத்துக் கொடுக்கிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பெரியவள் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். திரைக்கு அந்தப் பக்கம் பானை மூடி தடதடவென்று ஆடும் சத்தம் கேட்டது.

"உலை பொங்குது பாரு" என்றாள். "போ. உன் பிள்ளைங்க பசியோட வரும்."